அப்பாவின் கோணல் முடிச்சு

பல வருடங்களாக அவிழ்க்காமல் தொங்கும் ஒரு டை முடிச்சை மூக்கருகே கொண்டுபோனால், பழைய வியர்வையும் தலையில் தேய்த்த தேங்காயெண்ணெயும் சவரம் செய்தபின் பூசிக்கொண்ட பவுடரும் கலந்து, மழையில் நனைந்து வீட்டுக்குள்ளேயே காய்ந்த சட்டையின் வாடையைப்போல ஒன்று வரும். ஜொகூர் பாருவுக்குப் பக்கத்து மாசாயில், தாமான் என்று நாங்கள் சொல்லும் குடியிருப்பில், கத்தோலிக்கத் தமிழர் வீடுகள் எல்லாவற்றிலும் அந்த வாடை இருந்தது. படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி, அந்த ஆணியில் முடிச்சு போட்டபடியே ஒரு டை. அந்த ஆணிக்கு "டை ஆணி" என்றே பெயர். அதில் வேறு எதையும் மாட்டக் கூடாது. நான் ஒருமுறை என் பள்ளிக்கூடப் பையை மாட்டிவிட்டு அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த டைகளின் சொந்தக்காரர்கள் யாரும் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் அல்லர். பாலோவிலும் பெக்கோக்கிலும் பாமாயில் எடுக்கும் செம்பனை எஸ்டேட்டுகளில் பிறந்து, பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்தவர்கள். வாரம் முழுக்க எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டையோடு மோட்டார்சைக்கிளில் போய் வந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்கு மட்டும் வெள்ளைச் சட்டையும் டையுமாக வருவார்கள். எங்கள் கோயிலில் அது எழுதாத சட்டம். காணிக்கைப் பை எடுத்துப் போகிறவர், பைபிள் வாசகம் வாசிக்கிறவர், திருமணத்துக்குச் சாட்சியாக நிற்கிறவர் என்று பீடத்துக்குப் பக்கத்தில் போகும் எந்த ஆணும் டை கட்டியிருக்க வேண்டும். இதில் ஒரே ஒரு சங்கடம்தான். அவர்களில் ஒருவருக்கும் டை கட்டத் தெரியாது, என் பெரியப்பா அந்தோணியைத் தவிர.

பெரியப்பா என் அப்பாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். சிங்கப்பூரில் ஒரு ஹோட்டலின் விருந்து மண்டபத்தில் பரிமாறுகிறவர்களுக்கு மேலாளாக இருந்தார். விடியும் முன்னே பாலத்தைக் கடந்து போய்விட்டு, ஷிப்ட் முடிந்து அதே பாலத்தைக் கடந்து திரும்புவார். வேலையில் தினமும் டை கட்டியாக வேண்டும் என்பதால் அந்த வித்தை அவர் கைக்கு வந்திருந்தது. தாமானில் அவரை எல்லாரும் "டை அந்தோணி" என்றார்கள், அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் பூரித்துப் போகும். சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் புது டையோ முடிச்சு நழுவிய டையோ கையில் வைத்துக்கொண்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெரியப்பா ஒவ்வொன்றாக வாங்கி, உள்ளே போய், முதுகைக் காட்டி நின்று, தன் கழுத்திலேயே கட்டி, தளர்த்தித் தலைவழியாகக் கழற்றிக் கொண்டுவந்து கொடுப்பார். எப்படிக் கட்டினார் என்று யாரும் பார்த்ததில்லை. பார்க்கட்டுமா என்று கேட்ட ஒருவரிடம், கையில பழக்கம் வேணும் தம்பி, பார்த்தா வராது என்று சொல்லி அனுப்பினார்.

கொடுக்கும்போது எல்லாரிடமும் ஒன்றையே சொல்வார். "அவுக்காதீங்க. அவுத்துட்டா அப்புறம் நான் பொறுப்பில்ல. எப்ப எந்த ஷிப்ட்ல இருப்பேன்னு எனக்கே தெரியாது."

ஆகவே யாரும் அவிழ்க்கவில்லை. ஞாயிறு காலை தலைவழியாக மாட்டி இறுக்குவார்கள், பூசை முடிந்ததும் தளர்த்திக் கழற்றி ஆணியில் தொங்கவிடுவார்கள். துவைக்கவும் முடியாது. அம்மா ஈரத்துணியால் முடிச்சைச் சுற்றித் துடைத்து, தொங்கும் பகுதியை மட்டும் இஸ்திரி போடுவாள். போடப் போட அந்தத் துணி முன்பக்கம் பளபளவென்று தேய்ந்து, முடிச்சு மட்டும் அழுக்கேறிக் கறுத்து, கொஞ்ச நாளில் டை எல்லாம் ஒரே மாதிரி பரிதாபமாக ஆகிவிடும். அந்தக் கூட்டத்தில் பெரியப்பாவின் டை மட்டும் நேற்று வாங்கியதுபோல இருக்கும். முடிச்சுக்குக் கீழே விரலால் அமுக்கியதுபோல ஓர் அழகான குழி விழும். பூசை முடிந்து வெளியே வரும்போது பெண்கள்கூட அதைப் பார்ப்பார்கள்.

என் அப்பா சவரிமுத்துவிடம் வெளியே காட்ட எதுவும் இல்லை, குரலைத் தவிர. எஸ்டேட் தமிழ்ப்பள்ளியோடு படிப்பு நின்றுபோனாலும், அவர் தமிழை வாசித்தால் கோயிலின் கடைசி வரிசையில் இருக்கும் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். மைக் தேவைப்படாது. வீட்டில் வாரம் முழுக்கப் பேசாத மனிதர், வாசக மேடையில் ஏறினால் வேறு ஆளாகிவிடுவார். நான் வீட்டில் பார்த்த அப்பாவைவிட அந்த மேடையில் பார்த்த அப்பாவைத்தான் அதிகமாக நேசித்தேன், அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. பெரியப்பாவும் வாசிப்பார். ஆனால் அவர் வாசித்தால் ஹோட்டலில் சாப்பாட்டு வகைகளைச் சொல்வதுபோல இருக்கும். ஃபாதர் மெல்ல மெல்ல அவரை விட்டுவிட்டு அப்பாவையே அழைக்க ஆரம்பித்தார். பெரியப்பாவின் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்கியது.

கோயில் திருவிழாவுக்கு ஆயர், அதாவது பிஷப், வரப்போகிறார் என்றும், முதல் வாசகம் அப்பா வாசிக்க வேண்டும் என்றும் ஃபாதர் சொன்ன வாரம் அப்பா தனக்கென்று ஒரு டை வாங்கினார். அதுவரை பெரியப்பா ஹோட்டலிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பழையதைத்தான் கட்டிக்கொண்டிருந்தார். ஜொகூர் பாருவில் ஒரு கடையில் என்னையும் அம்மாவையும் நிற்க வைத்து, ஒவ்வொரு டையாகக் கழுத்தில் வைத்துப் பார்த்து, கடைசியில் மெரூன் நிறத்தில் மெல்லிய வெள்ளிக் கோடுகள் போட்ட ஒன்றை எடுத்தார். பழுத்த செம்பனைக் குலை மாதிரி இருக்கிறது என்று அம்மா சிரித்தாள். இருக்கட்டுமே, அதுதானே நமக்குச் சோறு போட்டது என்றார் அப்பா. பெரியப்பாவிடம் கட்டக் கொண்டுபோனபோது அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, பஸ் கண்டக்டர் கட்டுகிற நிறம் என்றார். ஆனாலும் கட்டிக் கொடுத்தார்.

திருவிழாக் காலை. கோயில் வாசலில் ஆயரை வரவேற்க எல்லாரும் கூடியிருக்கிறார்கள். அப்பா வெள்ளைச் சட்டையும் மெரூன் டையுமாக, வாசகத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தபடி நிற்கிறார், நான் அவர் பக்கத்தில் நிற்கிறேன். பெரியப்பா நேராக வந்து, டை ஒரு பக்கம் இழுக்கிறது, இரு, சரி பண்ணித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே முடிச்சில் கை வைத்தார். டையில் ஒரு குறையும் இல்லை. அன்று காலை அம்மா எத்தனை முறை பார்த்துத் திருப்திப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். பெரியப்பா முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்தார். டை இரண்டு பக்கமும் வெறும் நாடாவாகத் தொங்கியது. அப்போது ஆயரின் கார் வாசலில் திரும்பியது. "இரு தம்பி, வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா மாலை போடும் வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றார். திரும்பி வரவில்லை. நடுவில் ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கண்டேன். மறந்துவிட்டுப் போனவரின் பார்வை அல்ல அது.

அப்பா கோயிலுக்குப் பின்னால் இருந்த கழிவறைக் கண்ணாடி முன் நின்று தானே கட்டிப் பார்த்தார். உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. அவர் வெளியே வந்தபோது சின்ன முனை நீளமாக இடுப்பைத் தாண்டித் தொங்க, அகல முனை தையல் தெரியப் புரண்டு நெஞ்சோடு நின்றுபோக, முடிச்சு காதுப்பக்கம் கோணிக்கொண்டு இருந்தது. அப்படியே வாசிக்கத்தான் போனார். ஒரு கோணல் முடிச்சுக்காக நிற்கிற ஆள் இல்லை என் அப்பா. ஆனால் மேடைக்குப் பக்கத்தில் பெரியப்பா காத்திருந்தார். அப்பாவின் தோளில் அன்பாகக் கை போட்டு, முன்வரிசைகளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"இந்தக் கழுத்தோட பிஷப்பு முன்னால போகாதே தம்பி. நம்ம ஜனத்துக்கே அவமானம்லா. குடு, நான் வாசிக்கிறேன்."

அப்பா கையிலிருந்த வாசக நூலை அவரே எடுத்துக்கொண்டு மேடையேறினார். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பா எங்கள் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்து, பூசை முடியும்வரை கீழே பார்த்தபடி இருந்தார். அதற்குப் பிறகு ஃபாதர் எத்தனையோ முறை அழைத்தும், தொண்டை சரியில்லை ஃபாதர் என்று ஒரே பதிலைச் சொல்லி அவர் வாசிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து டையைத் தளர்த்தித் தலைவழியாகக் கழற்றி, அந்தக் கோணல் முடிச்சோடு ஆணியில் மாட்டினார். ஒருநாள் அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் நான் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எந்த முனை எங்கே நுழைந்திருக்கிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். அகல முனையைச் சுற்ற வேண்டிய இடத்தில் ஒரு சுற்று விட்டுப்போயிருந்தது. சரியாகக் கட்டத் தெரிகிற நாள் வந்தால் இதை அவிழ்த்துவிடலாம் என்று நினைத்தபோதே அப்பா வந்துவிட்டார். கோபப்படவில்லை. என் கையிலிருந்து டையை வாங்கி மறுபடியும் ஆணியில் மாட்டினார். "அவுக்காத மா" என்றார், அவ்வளவுதான். அந்த முடிச்சை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் புரிந்துவிட்டது.

மன்னிப்பைப் பற்றி ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள் நான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே முன் பெஞ்சில் தெரியும் பெரியப்பாவின் பின்கழுத்தையும், அதைச் சுற்றி ஒழுங்காகப் படிந்திருக்கும் டையையும் பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த ஆளிடமிருந்து எதைப் பிடுங்கினால் வலிக்கும் என்று யோசிப்பேன். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அவர் மகன் ஜெரால்டு என்னைவிடச் சின்னவன், அவனோடு டிவி பார்க்கிற சாக்கில் கூடத்தில் உட்காருவேன். வாசலில் இருப்பவர்களுக்கு முதுகைக் காட்டத் தெரிந்த பெரியப்பாவுக்கு, படுக்கையறை அலமாரிக் கண்ணாடி கூடத்தைப் பார்த்திருக்கிறது என்பது தோன்றவே இல்லை. அகல முனை மேலே, பின்னால் ஒரு சுற்று, மறுபடியும் முன்னால், கழுத்தடியில் நுழைத்து மேலே எடுத்து, முன்னால் விழுந்த வளையத்துக்குள் இறக்கி, இறுக்கும்போது ஒரு விரலால் குழி. சனிக்குச் சனி அதைக் கண்ணாலேயே திருடினேன். வீட்டில் நீளத் தலையணைக்கு ரப்பர் வளையம் போட்டுக் கழுத்து உண்டாக்கி, அம்மாவின் ரவிக்கைத் துணியில் மிஞ்சிய நீளத் துண்டை அதன் கழுத்தில் கட்டிக் கட்டிப் பார்த்தேன். அந்தத் தலையணையைப் போல நேர்த்தியாக டை கட்டிய ஆள் அன்றைய மாசாயில் இருந்திருக்க மாட்டார்.

அப்படிப் போய்வந்த நாட்களில் ஒருமுறை பெரியம்மா இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கிவைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். அலமாரி இழுப்பறையைத் திறந்தால், பெரியப்பாவின் டைகள் ஒன்றுகூட முடிச்சோடு இல்லை. எல்லாம் அவிழ்த்து, சுருக்கம் நீவி, பாய் சுருட்டியதுபோல வரிசையாகச் சுருட்டி வைத்திருந்தது. பெரியம்மாவிடம் கேட்டேன். "தினம் ராத்திரி அவுத்துருவாரு மா. முடிச்சோட விட்டா துணி செத்துப்போயிருமாம்" என்றார் அவர், கள்ளமில்லாமல். ஊருக்கெல்லாம் அவிழ்க்காதே என்று சொன்ன மனிதர் தன்னுடையதை ஒவ்வொரு இரவும் அவிழ்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் டை எல்லாம் கழுத்தடியில் செத்துக்கொண்டிருக்க, தன்னுடையது மட்டும் பிழைத்திருக்க வேண்டும் அவருக்கு. அன்று என் கோபத்துக்கு நல்ல தெம்பு கிடைத்தது.

முதலில் மாட்டியவர் பக்கத்து வீட்டு லாரிக்கார மரியதாஸ் அங்கிள். தங்கை மகன் கல்யாணம், டை முடிச்சு நழுவிவிட்டது, பெரியப்பா ஷிப்டில் இருக்கிறார். நான் கட்டித் தருகிறேன் என்றேன். சிரித்துக்கொண்டே குனிந்தார், நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அந்தக் குழியும் விழுந்திருந்தது. அன்று அவரிடம் சொன்னேன், கல்யாணம் முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள் அங்கிள், அவிழ்த்தால்தான் டை பிழைக்கும், பெரியப்பா வீட்டில் எல்லாம் அவிழ்த்துத்தான் வைத்திருக்கிறது என்று. அந்த ஒரு சேதி அடுத்த ஞாயிறுக்குள் தாமான் முழுக்கப் போய்விட்டது. நான் அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம் எங்கள் வாசலுக்கு மாறியது. பெரியப்பாவைப்போல நான் முதுகைக் காட்டவில்லை. எல்லாருக்கும் எதிரில் உட்கார்ந்து, மெதுவாக, ஒவ்வொரு சுற்றையும் காட்டிக் காட்டிக் கட்டினேன். கூட வந்த மனைவிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். ஒருவருக்குக் கற்றுக்கொடுத்தால் பெரியப்பா வாசலில் ஒரு நாற்காலி காலியாகும், அந்தக் கணக்குதான். கொஞ்ச நாளில் எல்லா நாற்காலியும் காலியானது. அந்த வழியாக நடக்கும்போது, பெரியப்பா தன் வாசலில் தனியாக உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காண்பேன். கடைக்குப் போகக் குறுக்கு வழி இருந்தும் அந்த வழியாகவே போனேன்.

ஒரு ஞாயிறு கோயில் வாசலில் அவர் பொறுக்க முடியாமல் வெடித்தார். "ஒரு பொட்டப் புள்ள கையால கழுத்துல மாட்டிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?" என்று ஆண்களைப் பார்த்துக் கேட்டார். மரியதாஸ் அங்கிள்தான் பதில் சொன்னார். "யாரு மாட்டினா என்ன அண்ணே, நேரா இருந்தா சரிலா." எல்லாரும் சிரித்தார்கள். ஆயர் வந்த அன்று முன்வரிசையில் எழுந்த சிரிப்பைவிட இது கொஞ்சம் பெரிது. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. திறந்த கழுத்தோடு, பின்னால், சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நான் எத்தனை முறை டை கட்டிவிடுவதாகச் சொன்னாலும் வேண்டாம் என்றுதான் சொல்வார். ஊருக்கே கட்டிய கையால் அவருக்கு மட்டும் கட்ட முடியவில்லை என்ற ஆத்திரமும் சேர்ந்து பெரியப்பா கணக்கிலேயே ஏறியது.

இன்று அந்தத் தாமானில் டை ஆணி இருக்கிற வீடு ஒன்றுதான், அது எங்கள் வீடு. பிள்ளைகள் கழுத்தில் அலுவலக அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு சிங்கப்பூருக்குப் போகிறார்கள், கல்யாணத்துக்குக்கூட ரப்பர் வைத்த டை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். பூசைக்குக் கழுத்துப்பட்டையில்லாத சட்டையோடு வருகிறார்கள், வாசகமும் அப்படியே வாசிக்கிறார்கள், ஃபாதர் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லப்போனால், ஒரு முடிச்சைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லக்கூடிய கண்ணே இல்லாமல் போய்விட்டது. அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது பெரியப்பா இறந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

சென்ற மழைக்காலத்தில் அவர் இறந்தார். குளிப்பாட்டிக் கோட்டு மாட்டிவிட்ட ஆட்களுக்கு டை கட்டத் தெரியவில்லை. ஜெரால்டு கைபேசியில் காணொளி பார்த்துப் பார்த்துத் தோற்றுப்போய் என்னைக் கூப்பிட்டான். "அக்கா, உங்களுக்குத்தான் தெரியும்லா, அப்பாவுக்குக் கட்டிவிடுங்களேன்." எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு அலமாரி இழுப்பறையைத் திறந்தேன். எல்லாம் அப்படியே சுருண்டு கிடந்தன. அவருக்கு மிகவும் பிடித்த கருநீலப் பட்டு டையை எடுத்தேன். பிறகு, சின்ன முனையை நீளமாக விட்டு, சுற்ற வேண்டிய இடத்தில் ஒரு சுற்றைத் தவிர்த்து, அகல முனையைத் தையல் தெரியப் புரட்டி, முடிச்சைக் காதுப்பக்கம் இழுத்து இறுக்கினேன். என் அப்பா கழிவறைக் கண்ணாடி முன் கட்டிய அதே முடிச்சு. விரல்கள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. இத்தனை வருடம் அதற்காகத்தான் காத்திருந்தனபோல.

ஊர் முழுக்க வந்து பார்த்தது. பெட்டிக்கு அருகே நின்று ஒவ்வொரு முகமாகக் கவனித்தேன். யாராவது முகம் சுளிப்பார்களா, யாராவது பக்கத்தில் இருப்பவரின் முழங்கையை இடிப்பார்களா என்று. ஒருவரும் இல்லை. எவ்வளவு கம்பீரமாக இருக்கிறார் பாருங்கள் என்று ஒரு அம்மாள் அழுதார். ஜெரால்டு என் கையைப் பிடித்து நன்றி சொன்னான். அந்த முடிச்சின் கேவலத்தைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வருகிறது என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

மறுநாள் அடக்கப் பூசை. எங்கள் கோயிலில் பூசை முடியும்வரை பெட்டி திறந்தே இருக்கும். ஜெரால்டின் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பதால் முதல் வாசகத்தை என்னிடம் கொடுத்திருந்தார்கள். வாசக நூலோடு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது அப்பா அம்மாவின் கையைப் பிடித்தபடி உள்ளே வந்தார். முந்தின நாள் முழுக்க அவர் துக்க வீட்டுக்கு வரவில்லை, முட்டி வலி என்று சொல்லியிருந்தார். இப்போது வெள்ளைச் சட்டை போட்டு, அந்த மெரூன் டையை மாட்டியிருந்தார். ஆணியிலிருந்து எடுத்து அப்படியே தலைவழியாக. வெள்ளிக் கோடுகள் மங்கிப்போயிருந்தன. முடிச்சு காதுப்பக்கம் கோணிக்கொண்டு, சின்ன முனை இடுப்பைத் தாண்டித் தொங்கியது.

நேராகப் பெட்டியிடம் வந்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்தார், பிறகு கழுத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் கை தன்னையறியாமல் தன் முடிச்சுக்குப் போனது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஊரில் ஒருவருக்கும் தெரியாதது அவருக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவின் அவமானத்தையே எடுத்து இன்னொருவர் கழுத்தில் மாட்டி ஊருக்குக் காட்டியிருக்கிறேனே, அவருக்கு அது எப்படி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்திருக்கவில்லை. சரியாகக் கட்டிவிடலாம் என்று குனிந்து பெரியப்பாவின் முடிச்சில் கை வைத்தேன்.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவுக்காத மா" என்றார்.

என் மற்றொரு கையிலிருந்து வாசக நூலை வாங்கிக்கொண்டார். தோளில் கை போடவில்லை, முன்வரிசைக்குக் கேட்க எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொரு படியாக மேடையேறி, மைக்கை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, வாசிக்கத் தொடங்கினார். வயதில் கொஞ்சம் கரகரத்திருந்தாலும் அது அதே குரல்தான். கடைசி வரிசைவரை கோயில் அமைதியானது. அப்பா அவசரப்படவில்லை, ஒரு சொல்லையும் விழுங்கவில்லை. பெரியப்பாவுக்கு எழுந்து வந்து நூலைப் பிடுங்க வழியில்லை. கழுத்தில் கோணல் முடிச்சோடு படுத்தபடி, கடைசி வரிவரை கேட்டார்.